லினக்ஸில் செயலி வேக மேலாண்மைக்கான வரைகலைக் கருவிகள்

லினக்ஸில் செயலி வேக மேலாண்மைக்கான வரைகலைக் கருவிகள் என்பவை, கணினியின் செயலி இயங்கும் அலைவெண்ணைத் திரையில் காட்டவும் அதன் போக்கை மாற்றியமைக்கவும் உதவும் மென்பொருட்கள் ஆகும். இவை செயலியின் வேகத்தை நேரடியாக மாற்றுவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனியிடம் பயனரின் விருப்பத்தைத் தெரிவிப்பதே இவற்றின் பணியாகும்.

பின்னணி

இன்டெல் நிறுவனத்தின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டி நிறுவனத்தின் பவர்நவ் ஆகிய நுட்பங்கள், இயங்கிக்கொண்டிருக்கும்போதே செயலியின் அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் மாற்ற வழிசெய்தன. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கருனியில் இதற்கென சிபியுஃப்ரெக் என்னும் துணை அமைப்பு இடம்பெற்றது. எந்த நேரத்தில் எந்த வேகம் என்பதை முடிவுசெய்யும் கருனிப் பகுதிகள் கவர்னர்கள் எனப்படுகின்றன.

முதன்மையான கவர்னர்கள்

* பெர்ஃபார்மன்ஸ் - அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்திலேயே வைத்திருக்கும்.
* பவர்சேவ் - அனுமதிக்கப்பட்ட குறைந்த வேகத்திலேயே வைத்திருக்கும்.
* யூசர்ஸ்பேஸ் - பயனரோ வேறொரு நிரலோ குறிப்பிடும் வேகத்தில் நிறுத்தும்.
* ஆன்டிமாண்ட் - வேலைப்பளு கூடினால் வேகத்தை உடனே உயர்த்தும்.
* கன்சர்வேடிவ் - வேகத்தைப் படிப்படியாக மாற்றும்.
* ஷெட்யூட்டில் - கருனியின் பணித் திட்டமிடல் தரும் தகவலைக் கொண்டு முடிவுசெய்யும். 2016-இல் லினக்ஸ் 4.7 உடன் வந்தது.

வரைகலைக் கருவிகள்

க்னோம் 2 பணிச்சூழலின் பலகத்தில் சேர்க்கக்கூடிய அலைவெண் கண்காணிப்புக் குறுநிரல் பரவலாக அறியப்பட்டிருந்தது. ஒரு குறுநிரல் ஒரு செயலியை மட்டுமே காட்டியது. கேடியீ 3 பயனர்கள் கேபவர்சேவ் என்னும் கருவியைப் பயன்படுத்தினர். 2009-இல் வெளியான கேடியீ 4.2 பவர்டெவில் என்னும் மின் மேலாண்மைச் சேவையைக் கொண்டுவந்தது. எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலின் பலகச் செருகுநிரல் வேகத்தையும் கவர்னரையும் காட்டுகிறது. சிபியுபவர்-குயி என்னும் தனி மென்பொருள் வேக எல்லைகளையும் கவர்னரையும் மாற்ற உதவுகிறது.

2021 முதல் க்னோம், கேடியீ பிளாஸ்மா ஆகிய இரண்டும் உயர் செயல்திறன், சமநிலை, மின்சேமிப்பு ஆகிய நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகின்றன. எந்தெந்த நிலைகள் கிடைக்கும் என்பது வன்பொருளைப் பொறுத்தது.

அணுக்க அனுமதி

கருனியின் வேக அமைப்புகள் சிஸ்எஃப்எஸ் என்னும் மெய்நிகர் கோப்பு முறைமையில் கோப்புகளாகத் தெரிகின்றன. அவற்றை எந்தப் பயனரும் படிக்கலாம். எழுதும் உரிமை பொதுவாக மூலப் பயனருக்கே உண்டு. இதனாலேயே சில கருவிகள் வேகத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. மாற்றும் திறன் கொண்டவை கடவுச்சொல் கேட்கின்றன, அல்லது உயர் அனுமதியுடன் பின்னணியில் இயங்கும் சேவையிடம் வேண்டுகோளை ஒப்படைக்கின்றன.

வேகக் குறைப்பும் ஆற்றல் சேமிப்பும்

செயலியின் இயங்குநிலை மின்திறன், அலைவெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அலைவெண்ணை மட்டும் பாதியாக்கினால் மின்திறன் பாதியாகும். ஆனால் அதே வேலையை முடிக்க இருமடங்கு நேரம் ஆவதால் செலவாகும் ஆற்றல் மாறாது. அத்துடன் மின்னழுத்தமும் 80 விழுக்காடாகக் குறைந்தால் மின்திறன் 32 விழுக்காடாகும். அவ்வேலைக்கான ஆற்றல் 64 விழுக்காடாகும். எனவே சேமிப்பு மின்னழுத்தக் குறைப்பிலேயே உள்ளது.

எனினும் நீடிக்கும் நேரம் முழுவதும் திரை, நினைவகம் முதலியனவும் மின்சாரத்தைச் செலவிடும். ஆகவே வேலையை விரைவாக முடித்துவிட்டுச் செயலியை ஓய்வுநிலைக்கு அனுப்புவதே சில வேளைகளில் சிக்கனமானது. எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்திவைப்பது மின்கலத்தை நீட்டிக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. அவ்வாறு நிறுத்தினால் நிகழ்படங்கள் தடங்கித் தடங்கி ஓடவும் கூடும்.

பெயர்க் குழப்பம்

2013-இல் லினக்ஸ் 3.9 உடன் வந்த இன்டெல் பி-ஸ்டேட் இயக்கி, தன் இயல்பான செயல்நிலையில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் ஆகிய இரண்டை மட்டுமே வழங்குகிறது. இங்குள்ள பவர்சேவ் குறைந்த வேகத்தில் நிலைத்து நிற்பதன்று. வேலைப்பளுவிற்கேற்ப வேகத்தை மாற்றுவது. ஆதலால் கருவியில் ஒரு பெயரைக் கண்டதும் மாற்றிவிடாமல், எந்த இயக்கி பயன்பாட்டில் உள்ளது என்பதை முதலில் அறிதல் நன்று. செயலி அளவுமீறிச் சூடானால், பயனர் எதைத் தேர்ந்திருப்பினும் வன்பொருள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.