மீண்டும் ஒலிக்கும் பழம்பண்

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் பல நூற்றாண்டுகளாக ஒலித்த இலத்தீன் இசை, கிரகோரியன் பண். பக்கவாத்தியமின்றி அனைவரும் ஒரே குரலாய் இசைப்பது அதன் மரபு.

பிரஞ்சுப் புரட்சியில் துறவு மடங்கள் மூடப்பட்டன. அந்நாட்டில் பண்ணும் நலிந்தது. 1833இல் கெராஞ்சே அடிகளார் சொலேம் என்னும் ஊரில் துறவு மடத்தை மீண்டும் தொடங்கினார். அவர்வழி வந்த துறவியர் பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கி, சிதைந்த இசையைச் செப்பனிட்டனர். 1903இல் போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர், அவ்விசையை ஆலயங்களில் மீண்டும் வழங்குமாறு பணித்தார்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதே ஆவணத்தில் கிரகோரியன் பண்ணுக்கு முதன்மையும் அளித்தது. ஆயினும் நடைமுறையில் பழம்பண் பல ஆலயங்களில் அருகிற்று. மக்கள் தம் மொழியில் பாடியதை நாம் குறைகூறோம். பழையதைக் கற்பிப்பார் குறைந்ததே இழப்பு.

1994இல் ஸ்பெயின் நாட்டுச் சீலோஸ் மடத்துத் துறவியரின் இசைப்பதிவு உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. இன்று பல நாடுகளில் இளைஞர் சிலர், நான்கு கோடுகளின்மேல் எழுதிய சதுரக் குறிகளைக் கண்டு பாடப் பழகுகின்றனர்.

சுவடி இருந்தமையால் பண் மீண்டது. சுவடியைப் பாட்டாக்கியதோ, அருகிருந்து கற்பித்த குரல். தமிழகம் விட்டு வந்து வாழும் நாம், எந்தப் பாட்டை நம் பிள்ளைகளுக்கு அவ்வாறு கற்பித்தோம் என எண்ணிப் பார்ப்போமாக.