‘பொறுப்பு’ பயிற்சியாளர்: கிளப்புகள் ஏன் பழைய ஆட்டக்காரரையே கூப்பிடுகின்றன?

ஆபீசில் மேனேஜர் திடீரென்று போய்விட்டால் என்ன நடக்கும்? டீமில் சீனியராக இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, “புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க பார்த்துக்கோங்க” என்பார்கள். சம்பளம் பழையதுதான், பதவியும் பழையதுதான். வேலை மட்டும் புதிது. நம்மூர் செய்திகளில் ‘பொறுப்பு டி.ஜி.பி.’, ‘பொறுப்பு துணைவேந்தர்’ என்று படிக்கிறோமே, கால்பந்திலும் அதே ஏற்பாடுதான். அங்கே அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் உட்காருகிறார்.

செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ இரண்டு ரயில் மாறி அந்தேரி மைதானத்துக்கு மும்பை சிட்டி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. 2023 நவம்பரில் டெஸ் பக்கிங்ஹாம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டுக்குப் போனபோது, உதவிப் பயிற்சியாளர் ஆண்டனி ஃபெர்னாண்டஸ்தான் இடையில் அணியைப் பார்த்துக்கொண்டார். டிசம்பரில் பீட்டர் கிராட்கி வந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது. கதை அவ்வளவு சாதாரணமாகவே முடிந்துபோவது உண்டு.

சாதாரணமாக முடியாத ஒரு கதை 2021 ஜனவரியில் நடந்தது. அதன் இரண்டு நாயகர்களும் மும்பைக்காரர்கள்.

ஒரே மாதம், இரண்டு நாற்காலிகள்

2020-21 ஐ.எஸ்.எல். சீசன் முழுவதும் கோவிட் காரணமாக கோவாவிலேயே, ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தது. ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி., ஸ்பெயின்காரரான கார்லஸ் குவாத்ரத்தை அனுப்பிவிட்டு, முன்னாள் வீரரும் உதவிப் பயிற்சியாளருமான நௌஷாத் மூசாவிடம் அணியைக் கொடுத்தது. அடுத்த வாரமே நார்த்ஈஸ்ட் யுனைடெட், இன்னொரு ஸ்பெயின்காரரான ஜெரார்ட் நுஸை நீக்கிவிட்டு, காலித் ஜமிலிடம் ஒப்படைத்தது.

காலித் குவைத்தில் பிறந்தவர். ஆட்ட வாழ்க்கை முழுக்க மும்பை: மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, கடைசியாக மும்பை எஃப்.சி. காயங்கள் துரத்த, 2009-ல் அதே மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளரானார். அப்போது வயது 32. ஏழு வருடம் இருந்தார். பெரிய கோப்பை எதுவும் இல்லை, ஆனால் சின்ன பட்ஜெட்டில் அணியை ஐ-லீக்கிலிருந்து கீழே விழாமல் பார்த்துக்கொண்டார். 2016-ல் அவர் ஐசால் எஃப்.சி.க்குப் போனார். அந்த 2016-17 சீசனில் ஐசால் சாம்பியன், மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அதே சீசனில் மும்பை எஃப்.சி. கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது, பிறகு மூடப்பட்டது. (மஹிந்திரா யுனைடெட் 2010-லேயே கலைக்கப்பட்டிருந்தது. கம்பெனி அணியில் ஆடிக்கொண்டே கம்பெனி வேலையிலும் இருந்த அந்தப் பழைய மும்பை கால்பந்து உலகத்தின் கடைசித் தலைமுறை காலித்.)

நார்த்ஈஸ்டில் அவர் பொறுப்பேற்றபோது நிலைமை இது: 11 ஆட்டம், 2 வெற்றி, 6 டிரா, 3 தோல்வி, 12 புள்ளி. அவர் கையில் மிச்சமிருந்தவை 9 ஆட்டங்கள். அதில் 6 வெற்றி, 3 டிரா. தோல்வி? ஒன்றுகூட இல்லை. 21 புள்ளி. அணி மொத்தம் 33 புள்ளியுடன் மூன்றாம் இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது. ஐ.எஸ்.எல். பிளேஆஃபுக்கு ஓர் அணியைக் கொண்டுபோன முதல் இந்தியப் பயிற்சியாளர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகானுடன் 1-1, இரண்டாவதில் 1-2 தோல்வி. அங்கே பயணம் நின்றது.

மூசாவுக்கு நடந்தது வேறு. குவாத்ரத் விட்டுச்சென்றது 9 ஆட்டத்தில் 12 புள்ளி. மூசாவின் 11 ஆட்டத்தில் 2 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி, 10 புள்ளி. ஏழாவது இடம். சீசன் முடிவதற்கு முன்பே ஜெர்மானியரான மார்கோ பெட்ஸாயுவோலி அடுத்த பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம்: அந்த சீசனில் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் ஜெயித்தது மும்பை சிட்டி. அந்த அணியை காலித்தின் அணி 2-1 என்றும், மூசாவின் அணி 4-2 என்றும் தோற்கடித்தன.

சரி, ஏன் முன்னாள் ஆட்டக்காரர்?

முதல் காரணம் ரொம்ப சிம்பிள்: அவர் ஏற்கெனவே கட்டடத்துக்குள் இருக்கிறார். சீசன் நடுவில் நல்ல பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வேறெங்கோ ஒப்பந்தத்தில் இருப்பார்கள். நீக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும், அவரோடு வந்த ஃபிட்னஸ் பயிற்சியாளர், அனலிஸ்ட் எல்லோரும் பல நேரம் சேர்ந்தே கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஆட்டமோ நாலு நாளில். உதவிப் பயிற்சியாளருக்கு வீரர்களின் பெயர் மட்டுமல்ல, யாருக்கு முழங்காலில் வலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரியும்.

இரண்டாவது, ரசிகர்கள். பழைய ஹீரோவைப் பார்த்துக் கூச்சல் போட யாருக்கும் மனசு வராது. நிர்வாகத்தின் மீதான கோபம் சில வாரம் தள்ளிப்போகும். எந்த கிளப்பும் இதை அறிக்கையில் எழுதாது, ஆனால் காரணங்களில் இது சின்னதல்ல.

மூன்றாவது இந்தியாவுக்கே உரியது. ஐ.எஸ்.எல். கிளப்புகளில் தலைமைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். அவர்களுக்கு அருகில் ஓர் இந்திய உதவிப் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, தலைமை காலியாகும்போது பெஞ்சில் மிச்சமிருப்பவர் அந்த இந்தியர்தான். உயர்ந்த நிலையான ஏ.எஃப்.சி. ‘புரோ’ உரிமம் வாங்கி வருடக்கணக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு, வாசல் திறக்கும் ஒரே சந்தர்ப்பம் இன்னொருவர் வேலை இழக்கும் நாளாக இருக்கிறது. முழுநேரப் பதவிக்கான நேர்காணலை, தன் சொந்த வீரர் ஒருவரைக்கூட வாங்க முடியாத நிலையில், வேறொருவர் தேர்ந்தெடுத்த அணியை வைத்து எழுத வேண்டும்.

நம்பர் என்ன சொல்கிறது?

இதே மாதிரி இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்வோம்.

கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா, டெம்போவில் பல ஆண்டு ஆடியவர். 2020 ஜனவரி 31 அன்று எஃப்.சி. கோவா செர்ஜியோ லொபேராவை நீக்கியபோது பொறுப்பேற்றார். அணி ஏற்கெனவே 15 ஆட்டத்தில் 30 புள்ளியுடன் உச்சியில் மோதிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மூன்றையும் 4-1, 5-2, 5-0 என்று ஜெயித்து, முதல் லீக் ஷீல்டு கோவாவுக்கு வந்தது. அரையிறுதியில் அவர்களை வெளியேற்றியது நம்ம சென்னையின் எஃப்.சி., இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5.

ரெனெடி சிங், இந்திய அணியின் முன்னாள் கேப்டன். 2021 டிசம்பர் கடைசியில் மனோலோ தியாஸ் ஈஸ்ட் பெங்காலை விட்டுப் போனபோது, 8 ஆட்டத்தில் ஒரு வெற்றி இல்லை, 4 புள்ளி. ரெனெடிக்குக் கிடைத்தவை மூன்றே ஆட்டங்கள்: இரண்டு டிரா, ஒரு தோல்வி. அந்த டிராக்களில் ஒன்று, நடப்பு சாம்பியன் மும்பை சிட்டியுடன் 0-0.

சையது சாபிர் பாஷா, தமிழ்நாட்டுக்காரர், இந்தியன் வங்கி அணியின் பழைய ஸ்ட்ரைக்கர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்ற கையோடு சென்னையின் எஃப்.சி. போசிதார் பந்தோவிச்சை அனுப்பியது. 16 ஆட்டத்தில் 19 புள்ளி இருந்தது. பாஷாவின் நான்கு ஆட்டத்தில் ஒரு டிரா, மூன்று தோல்வி. எட்டாவது இடம்.

இந்த ஐந்து பேரின் லீக் ஆட்டங்களையும் கூட்டினால் சரியாக 30 ஆட்டம் வருகிறது, அதாவது தற்செயலாகக் கிடைத்த ஒரு முழு எண். 11 வெற்றி, 10 டிரா, 9 தோல்வி, 43 புள்ளி. ஆட்டத்துக்கு 1.43. அவர்களுக்கு முன்பு அதே அணிகளை அதே சீசனில் நடத்திய வெளிநாட்டவர் ஐவரும் 59 ஆட்டத்தில் 77 புள்ளி எடுத்தார்கள். ஆட்டத்துக்கு 1.31.

“பார்த்தீங்களா, மாற்றினா நல்லது!” என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். காலித்தின் 9 ஆட்டங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: மற்ற நால்வருக்கும் 21 ஆட்டத்தில் 22 புள்ளி, அதாவது 1.05. மிராண்டாவையும் எடுத்தால் இன்னும் மோசம். ஐந்து பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, ஒருவர் தராசை முழுக்கச் சாய்த்துவிடுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சராசரி 40 வைத்திருக்கும் பேட்ஸ்மேன் நாலு இன்னிங்ஸில் ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதில் பேட்டை மாற்றுகிறார், 45 அடிக்கிறார். பேட்டா காரணம்? அவருடைய வழக்கமான ஸ்கோரே அதுதானே. பயிற்சியாளர்களும் அணி அதன் இயல்பைவிடக் கீழே விழுந்த நேரத்தில்தான் நீக்கப்படுகிறார்கள், அதனால் அடுத்து யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதேபோல் சரிந்தும் நீக்காத அணிகளையும் ஒப்பிட்டார். நீக்காதவர்களும் அதே மாதிரி மீண்டு வந்தார்கள் என்பதே அவர் கண்டது.

அப்படியென்றால் காலித்தின் ஒன்பது ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 1.09-லிருந்து 2.33-க்கு ஏறுவதை ‘இயல்புக்குத் திரும்புதல்’ என்று மட்டும் விளக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாற்காலி நிரந்தரமானால்?

2021 அக்டோபரில் நார்த்ஈஸ்ட் அவரை நிரந்தரமாக்கியது. ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர். 2021-22 சீசனில் அந்த அணி 20 ஆட்டத்தில் 3 வெற்றி, 14 புள்ளி, பதினொன்றில் பத்தாவது இடம். ஒன்பது ஆட்டத்தில் 21 எடுத்த அதே மனிதர்.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கடைசி நேர கோல் போட்ட ஓலே குன்னர் சோல்ஷியர், 2018 டிசம்பரில் தற்காலிகமாக வந்தார். 19 ஆட்டத்தில் 14 வெற்றி. 2019 மார்ச் 28-ல் நிரந்தரமானார். அந்த சீசனில் மிச்சமிருந்த 10 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டே. ராபர்ட்டோ டி மட்டேயோ 2012 மார்ச்சில் செல்சியைக் கையில் எடுத்து, மே மாதத்துக்குள் எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் இரண்டையும் வென்றார். ஜூனில் இரண்டு வருட ஒப்பந்தம், அதே ஆண்டு நவம்பர் 21-ல் நீக்கம். செல்சியின் எக்காலத்துக்குமான டாப் ஸ்கோரர் ஃபிராங்க் லாம்பார்ட் 2023-ல் தற்காலிகமாகத் திரும்பியபோதோ, 11 ஆட்டத்தில் ஒரே வெற்றி. பழைய ஹீரோ என்பது உத்தரவாதம் இல்லை.

ஏன் இந்தச் சரிவு? ஒரு பகுதி, மேலே சொன்ன அதே கணக்குதான், இந்த முறை தலைகீழாக: உச்சத்தில் இருக்கும்போது நிரந்தரமாக்கினால், அடுத்தது இறக்கமாகவே இருக்கும். இன்னொரு பகுதி வேலையின் தன்மை. தற்காலிகப் பயிற்சியாளர் எளிமையாக்குகிறார்: பின்வரிசையை இறுக்கு, எதிர்த்தாக்குதலில் அடி, ஒதுக்கப்பட்ட வீரருக்கு மறுபடி வாய்ப்பு கொடு. நிரந்தரப் பயிற்சியாளர் யாரை வாங்குவது, யாரை விற்பது, அகாடமி, அடுத்த வருட பட்ஜெட் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒதுக்கப்படும் வீரர்களும் இப்போது அவர் ஒதுக்கியவர்கள்தான்.

அந்த ஐவரும் இப்போது?

நௌஷாத் மூசா 2025-ல் இந்திய 23 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளரானார். ரெனெடி 2023 டிசம்பரில் பெங்களூருவில் மறுபடி தற்காலிகப் பொறுப்பேற்றார், இந்த முறை சைமன் கிரேசன் போனதால். மிராண்டாவின் பாதைதான் வினோதம்: 2023 ஏப்ரலில் ஒடிஷாவுக்குத் தற்காலிகமாக இருந்தபோது பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பை வாங்கிக்கொடுத்தார். நிரந்தரம் ஆகவில்லை. மோகன் பகானில் உதவியாளர், 2024 ஜனவரி சூப்பர் கோப்பைக்கு அங்கேயும் தற்காலிகம். மூன்று கிளப்பில் மூன்று முறை ‘பொறுப்பு’ பார்த்த பிறகு, 2025-ல்தான் சென்னையின் எஃப்.சி. அவரைத் தலைமைப் பயிற்சியாளர் என்றே நியமித்தது.

காலித்? நார்த்ஈஸ்டுக்குப் பிறகு, 2023 டிசம்பர் கடைசியில் மறுபடி சீசன் நடுவில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2024-25-ல் அந்த அணியை ஐ.எஸ்.எல். அரையிறுதிக்கும், சூப்பர் கோப்பை இறுதிக்கும் கொண்டுபோனார். 2025 ஆகஸ்ட் 1-ல் இந்திய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2011-12-ல் இருந்த சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர்.

ஆரம்பம் பழைய பாணியிலேயே இருந்தது. முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றார், காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனை பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம். அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு அத்துடன் மூடியது.