சிட்டிகையிலிருந்து டன் வரை: உலோக-கரிமச் சட்டகங்களின் வரலாறு



2025 அக்டோபரில் வேதியியலுக்கான நோபல் பரிசு மூவருக்கு அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசுமு கிட்டாகாவா, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓமர் யாகி. இந்த மூன்று பெயரையும் மனப்பாடம் செஞ்சாச்சு, போதும்னு நினைக்காதீங்க. அது பாதி வரலாறுதான். ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை அளவில் பிறந்த பொருள் தொழிற்சாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது மறுபாதி.

முதலில், அது என்ன பொருள்? கட்டடம் எழும்பும் இடத்தில் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கம்பியைவிட வெற்றிடமே அதிகம். உலோக-கரிமச் சட்டகமும் அப்படித்தான். உலோக அயனிகள் முடிச்சுகள். கரிம மூலக்கூறுகள் கம்பிகள். நடுவே இருக்கும் வெற்றிடத்துக்குள் வாயுக்கள் நுழைந்து தங்கும். இதைச் சுருக்கமாக ‘மோஃப்’ என்பார்கள்.

இதற்கு வித்திட்டது ஒரு பாடத்துணைப்பொருள். ஆசிரியர்கள் இதைக் கவனிக்கணும்! 1974இல் ராப்சன், மாணவர்களுக்கு மூலக்கூறு அமைப்பைக் காட்ட மரப்பந்துகளைத் தயார் செய்தார். எந்தப் பந்தில் எங்கே துளையிடுவது என்று குறித்துக் கொடுக்கும்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது. துளைகளின் இடம் சரியாக இருந்தால் வடிவம் தானே அமைகிறது. அணுக்களையும் இப்படிக் கோக்க முடியுமா? பத்தாண்டுக்கு மேல் கழித்து முயன்றார். 1989இல் செம்பு அயனிகளையும் நான்கு கரங்கள் கொண்ட மூலக்கூறையும் இணைத்து, வைரத்தைப் போன்ற, ஆனால் உள்ளே வெற்றிடம் கொண்ட படிகத்தை வெளியிட்டார். அது எளிதில் குலைந்துவிடும் தன்மையுடையது.

1997இல் கிட்டாகாவா குழுவினர் வாயு உள்ளே சென்று வெளியே வந்தாலும் குலையாத சட்டகத்தைக் காட்டினர். 1999இல் யாகி, துத்தநாகத்தையும் டெரிப்தாலிக் அமிலத்தையும் கொண்டு ‘மோஃப்-5’ஐ உருவாக்கினார். அதன் ஓரிரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஒரு காற்பந்துத் திடல் அளவுக்கு வரும். 300 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் அது தாங்கியது. உலகம் வியந்தது.

சரி, அப்படியானால் உடனே தொழிற்சாலையில் செய்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பதும் கோயில் அன்னதானத்துக்கு அண்டாவில் சமைப்பதும் ஒன்றா? பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்காக்கினால் கொள்ளளவு 1000 மடங்காகும். வெளிப்பரப்போ 100 மடங்குதான். ஆகவே வெப்பம் சீராக உள்ளே போகாது; படிகமும் ஒரே மாதிரி வளராது. மேலும், பல மோஃப்களைச் செய்ய டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் தேவைப்பட்டது. அது கல்லீரலுக்குக் கேடு விளைவிப்பது. ஆய்வகத்தில் சில மில்லிலிட்டர் என்றால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கான லிட்டர் என்றால்?

ஆகவே செய்முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செம்புத் தகட்டில் மின்சாரம் செலுத்தி, உலோக அயனிகளை நேராகக் கரைசலில் இறக்கும் முறையைக் கையாண்டது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகக் குழு 2006இல் கரைப்பானே இல்லாமல், மூலப்பொருள்களை அரைத்தே ஒரு மோஃப்பைச் செய்து காட்டியது. கிட்டத்தட்ட ஆட்டுக்கல் வேலைதான்!

இன்னொரு வழி, கட்டி முடித்த சட்டகத்தை மாற்றியமைப்பது. தாமான் வீட்டை வாங்கியபின் தூணை இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றிக் கட்டுகிறோமே, அதேபோல. 2007இல் சேத் கோஹன் குழு, அமினோ தொகுதி கொண்ட சட்டகத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியச் செய்து, சட்டகம் குலையாமல் அதன் உட்சுவரை மட்டும் மாற்றியது. எந்த வாயுவைப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்ப உட்சுவரை அமைக்க இது வழி திறந்தது.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய அளவில் வென்றது எது? மோஃப்-5 அல்ல. ஈரக்காற்றுப் பட்டாலே அது சிதைந்துவிடும். தொழிற்சாலைப் புகையிலோ நீராவி நிறைய இருக்கு. வென்றது ‘கால்ஃப்-20’. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழு உருவாக்கியது. துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட் ஆகிய, சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களால் ஆனது. அதன் உட்பரப்பு மோஃப்-5ஐ விட மிகக் குறைவு. ஆனால் நீராவியைத் தாங்கும்; கார்பன் டைஆக்சைடு எனும் கரிவளியைப் பிடித்து, பிறகு எளிதில் விட்டுவிடும். கனடாவில் ஒரு சிமெண்டு ஆலையில், நாளுக்கு 1 டன் கரிவளி பிடிக்கும் சோதனைக் கூடத்தில் இது சோதிக்கப்பட்டது. தூளாக அல்ல, மெல்லிய தாள்களில் பூசி அடுக்கிய வடிகட்டிகளாகக் கனடாவின் ஸ்வாந்தே நிறுவனம் இதைப் பயன்படுத்துகிறது. 2023இல் பிஏஎஸ்எஃப், ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் இதைத் தயாரிக்க முடிவதாக அறிவித்தது.

மாணவர்களே, மோஃப் வரலாற்றைப் பற்றிக் கேள்வி வந்தால் 1989, 1997, 1999 என்று ஆண்டுகளோடு நிறுத்திடாதீங்க. ‘மிகப் பெரிய உட்பரப்பு கொண்ட பொருள் ஏன் ஆலைக்குப் போகவில்லை?’ என்பதற்கும் காரணத்தோடு பதில் எழுதுங்கள். ஈரத்தைத் தாங்கும் திறன், மூலப்பொருளின் விலை, பாதுகாப்பான செய்முறை ஆகிய மூன்றும் அதில் வரணும்.

ஆசிரியர்களே, வகுப்பில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு மோஃப்-5க்கும் மற்றொன்று கால்ஃப்-20க்கும் வாதாடட்டும். நடுவர் இடத்தில் ஒரு சிமெண்டு ஆலை மேலாளரை உட்கார வையுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி உட்பரப்பைப் பற்றியதாக இருக்காது.