நெடுந்தீவில் ஓடாத நிரல்: பைத்தன் திட்டமொன்றைப் பொதி செய்வது எப்படி?

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் கூடவும் எடுக்கும். அந்தப் பயணத்தை ஒரு பென்டிரைவோடு போய், வேலை முடியாமலே திரும்பியவன் நான்.

பென்டிரைவில் இருந்தது நான் எழுதிய பைத்தன் நிரல். போரில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இடம்பெயர்ந்து ஊர் திரும்பாதவர்கள் என்று ஊரவர்கள் சேர்த்த பெயர்ப் பட்டியல் ஒன்று, பல வருடங்களுக்கு முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான். 'எஃப்' என்று சேமித்தது திரையில் 'க' ஆகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கிறுக்கல். அதை ஒருங்குறிக்கு மாற்றித் தேடக்கூடியதாக்குவதே நிரலின் வேலை. யாழ்ப்பாணத்தில் என் மடிக்கணினியில் நன்றாக ஓடியது.

"தம்பி, உங்கடை கொம்பியூட்டரிலை ஓடினது இஞ்சை ஏன் ஓடேல்லை?" என்று பட்டியலைப் பாதுகாத்து வரும் அக்கா கேட்டார். பதில் எளிது, வெட்கக்கேடானதும் கூட. கோப்பு இருக்கும் பாதையாக என் கணினியின் டெஸ்க்டொப்பையே நிரலுக்குள் எழுதி வைத்திருந்தேன். நிரலுக்குத் தேவையான 'ஓப்பன்-தமிழ்' நூலகம் அங்கே நிறுவப்படவில்லை. நிறுவுவதற்கு இணையமும் இல்லை.

திரும்பி வந்து, முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்குள் கொண்டு வந்தேன். அதற்குள் 'எஸ்ஆர்சி' என்றொரு கோப்புறை, நிரல் அதனுள்ளே. சோதனைகள் வெளியே தனியாக. இந்த ஏற்பாடு வீண் சடங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிரல் திட்டக் கோப்புறையில் நேரடியாகக் கிடந்தால், சோதனை செய்யும்போது பைத்தன் நிறுவிய பொதியை விட்டுவிட்டு அருகில் கிடப்பதையே எடுத்துக்கொள்ளும். பொதியில் ஏதாவது விடுபட்டிருந்தாலும் தெரியாது. என் பொதியில் தீவக ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்கும் கோப்பு விடுபட்டிருந்தது. 'எஸ்ஆர்சி'க்கு மாற்றிய பிறகே அது பிடிபட்டது.

அடுத்தது 'பைப்ரொஜெக்ட்.டொமல்' என்ற கோப்பு. 2016 இல் 'பெப் 518' இதை அறிமுகப்படுத்தியது. பின்னர் 'பெப் 621' திட்டத்தின் பெயர், பதிப்பு எண், தேவையான பைத்தன் பதிப்பு, சார்ந்திருக்கும் நூலகங்கள் ஆகியவற்றை இதில் எழுதும் முறையை வகுத்தது. எந்தச் சொல்லைத் தட்டினால் நிரல் ஓட வேண்டும் என்பதையும் இங்கேயே குறிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறாக இருக்கலாம். 'ஓப்பன்-தமிழ்' என்று நிறுவுகிறோம், நிரலுக்குள் 'தமிழ்' என்று அழைக்கிறோம். தேவைப் பட்டியலில் எழுத வேண்டியது முதலாவதை.

இணையம் இல்லாத இடத்துக்கு 'பிப் டவுன்லோட்' உதவும். அக்காவின் கணினியில் உள்ள அதே விண்டோஸும் அதே பைத்தன் பதிப்பும் உள்ள இன்னொரு கணினியில், என் பொதியையும் அது சார்ந்த எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் இறக்கினேன். அங்கே நிறுவும்போது 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைன்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு தெரிவுகளைக் கொடுத்தால், பிப் இணையத்தைத் தேடாமல் பென்டிரைவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 'வெனவ்' மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுவது நல்லது. மற்றைய நிரல்கள் குழம்பாது.

நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. பெயர்ப் பட்டியல் பொதிக்குள் போகக் கூடாது, 'கிட்' களஞ்சியத்துக்குள்ளும் போகக் கூடாது. கிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். பைபிஐயில் ஏற்றியதை நீக்கினாலும், அதற்குள் யார் யார் இறக்கினார்கள் என்று அறிய வழியில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரும் சாட்சி சொன்னவரின் பெயரும் எங்கள் ஆட்களுக்கு வெறும் தரவு அல்ல. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையே வைத்தேன். உண்மைப் பட்டியல் அக்காவின் கணினியில் மட்டும் இருக்கிறது. பிரதியொன்று அவர் சொன்ன இடத்தில்.

இரண்டாம் பயணத்தில் நிரல் ஓடியது. அக்கா முதலில் தேடியது தன் தம்பியின் பெயரை. 'கோ'வில் தொடங்கும் பெயர். கிடைக்கவில்லை. பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடலில் இல்லை. 'கோ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ோ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ே', 'ா' என்று இரண்டாக. பின்னாட்களில் வேறு விசைப்பலகையில் சேர்த்த பெயர்கள் இரண்டாவது விதத்தில் இருந்தன. பைத்தனோடு வரும் 'யுனிகோட்டேட்டா'வில் உள்ள 'நோர்மலைஸ்' இரண்டையும் ஒன்றாக்கும். பட்டியலுக்கும் தேடும் சொல்லுக்கும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தத் திருத்தத்தை 1.1 பதிப்பாக, அதற்கொரு சோதனையும் எழுதி, அடுத்த கிழமை படகில் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். நான் போகவில்லை. அக்காவே நிறுவினார்.