மனநோய் மீட்சியில் வழிபாட்டிடங்கள்: ஏர்வாடியும் முத்துசாமி கோயிலும்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகளுள் 28 பேர் இறந்தனர். அதன்பின், வழிபாட்டிடங்களில் மனநோய் தணியும் என்னும் நம்பிக்கை முழுவதையும் மூடநம்பிக்கை என ஒதுக்கும் போக்கு வலுப்பெற்றது. எரிந்தது தர்கா அன்று, தனியார் நடத்திய கொட்டகை என்னும் வேறுபாடு பெரிதும் கவனிக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டே மாறுபட்ட சான்று ஒன்று வெளிவந்தது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்த இரகுராம் உள்ளிட்டோர், 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 23 பேர் மனச்சிதைவு நோயினர். காலை வழிபாடு, கோயிலைத் துப்புரவு செய்தல், செடிகளுக்கு நீர் வார்த்தல் ஆகியவையே அன்றாட நடைமுறை. நோய் நீக்கும் தனிச் சடங்கு இல்லை, கட்டணமும் இல்லை. குடும்பத்தினர் ஒருவர் உடன் தங்கினார். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது.

ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு இது. இறைநம்பிக்கையே நோயைத் தணித்தது என இதைக்கொண்டு நிறுவ இயலாது. ஆய்வாளர்களும் அச்சுறுத்தாத, ஆதரவான சூழலையே காரணமாகச் சுட்டினர். ஆயினும் அச்சூழலை அமைத்தது எது என்னும் வினா எஞ்சுகிறது. வெளியில் பித்தர் என விலக்கப்படுபவர் அங்கு வழிபட வந்தவராக ஏற்கப்பட்டார். அவ்வேற்பிலிருந்து இறைநம்பிக்கையைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

பின்னாளில் ஏர்வாடித் தர்காவிலும் அரசு மனநல மருத்துவர்கள் அமர்ந்து, வேண்டுதலுக்கு வருவோர்க்கு மருந்து வழங்கத் தொடங்கினர்.