தோம்பில் எழுதின பேரும் அருளும்

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும். மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் அந்த மணலில் குடில் போட்டுத் தங்கிற சனம் கொஞ்சநஞ்சமில்லை. கத்தோலிக்கர் மட்டுமில்லை, வேறு சமயத்து ஆக்களும் நேர்த்தி வைத்து வருவாங்க. வாசலில் நின்று "ஞானஸ்நானச் சான்றிதழ் எங்க?" என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. ஆனால் இதே கற்பிட்டிக் கரையில், அந்தப் பதிவுதான் எல்லாமே என்றிருந்த ஒரு காலம் இருந்தது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னார், யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தாங்க. கற்பிட்டியில் 1667க்கும் 1676க்கும் இடையில் கோட்டை கட்டினாங்க. இன்றைக்கும் அது நிற்குது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. அவங்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்களுக்கும் தண்டனை. ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் ஒல்லாந்த சபையில் நடந்து தோம்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கலியாணம் செல்லாது, பிள்ளைகளுக்குச் சொத்துரிமை சிக்கல், அரசாங்க உத்தியோகமும் இல்லை.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்குது. ஒல்லாந்தருடையது சீர்திருத்தச் சபை. மனிதன் தன் செயலாலோ சமயச் சட்டத்தைக் கைக்கொள்வதாலோ மீட்கப்படுவதில்லை, கடவுளின் கிருபையால் மட்டுமே என்பதுதான் அதன் அடிப்படைப் போதனை. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களில் வாதாடுவதும் இதைத்தான். அந்தக் கிருபையைப் பிரசங்கித்தவங்கதான் இங்கே சட்டப் புத்தகத்தோடும் தோம்போடும் வந்தாங்க.

சனம் என்ன செய்தது? பலர் பகலில் ஒல்லாந்த சபைக்குப் போய்ப் பேரைப் பதிந்தாங்க. வீட்டில் பழைய செபங்களைச் சொன்னாங்க. இது ஏமாற்று வேலையா? அப்படிச் சுலபமாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. பிள்ளையின் காணி ஒரு பக்கம், விசுவாசம் மறுபக்கம்.

அவங்களுடைய சொந்தச் சமயத்துச் சட்டத்தையும் அவங்களால் கைக்கொள்ள முடியவில்லை. ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறது திருச்சபை. குருவே இல்லாத ஊரில் எப்படி? கிட்டத்தட்ட முப்பது வருசம் இந்த நிலைதான். கடமை எதையும் நிறைவேற்ற முடியாதவனுக்குக் கடவுளின் அருளை நம்புவதைத் தவிர வேறு என்ன மிச்சம்? ஐரோப்பாவில் புத்தகத்தில் நடந்த வாதம், இந்தக் கரையில் வாழ்க்கையாகவே நடந்தது.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1690இல் புத்தளத்துக்கு வந்தார். அது அப்போது கண்டி அரசனின் ஆட்சியில் இருந்ததால் ஒல்லாந்தச் சட்டம் அங்கே எட்டவில்லை. 1692இல் கண்டிக்குப் போனவரை ஒற்றன் என்று பிடித்துச் சிறை வைத்தாங்க. பிறகு அரசனே அவரை ஆதரித்தான். ஊர் ஊராக மூப்பரையும் அண்ணாவியையும் வைத்து, குரு இல்லாத நாளிலும் செபம் நடக்க வழி செய்தாங்க அவரும் அவரோடு உழைத்த குருமாரும். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒல்லாந்தர் கெட்டவர், கத்தோலிக்கர் நல்லவர் என்று கதையை முடிக்கிறது நியாயமில்லை. "இவ்வளவு மெழுகுதிரி ஏற்றினேன், எனக்கு இதைத் தா" என்று கேட்கும்போது நேர்த்தியும் கணக்குவழக்காகத்தான் மாறுது. போர்த்துக்கேயர் ஆட்சியில் அதிகாரமும் சலுகையும் கத்தோலிக்கர் பக்கம்தான் இருந்தன. அதிகாரம் யார் கையில் இருக்குதோ, அவங்களுக்குச் சட்டம் ருசிக்குது.

1796இல் ஒல்லாந்தர் போனாங்க. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினாங்க. தோம்பில் இருந்த ஆயிரக்கணக்கான "கிறிஸ்தவர்கள்" கொஞ்சக் காலத்தில் காணாமல் போனாங்க. ஒளித்துச் செபம் சொன்னவங்களின் விசுவாசம் நின்றது. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமே ஆனது.

இன்றைக்கும் சந்தா கட்டவில்லை, பூசைக்கு வரவில்லை, வேறு சமயத்தில் கலியாணம் முடித்தாள் என்று யாரையாவது வெளியே நிறுத்துகிற இடங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்போது எங்கள் முப்பாட்டியை நினைப்போம். எங்கள் பட்டியலின்படி பார்த்தால் அவளும் வெளியேதான் நின்றிருப்பாள்.