மருத்துவப் பதிவு நீக்கம்

மருத்துவப் பதிவு நீக்கம் என்பது, நவீன மருத்துவம் பார்க்கும் உரிமை பெற்ற ஒருவரின் பெயரை மாநில மருத்துவப் பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ எடுத்துவிடும் ஒழுங்கு நடவடிக்கையாகும். இதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் பறிபோவதில்லை, பல்கலைக்கழகம் தந்த பட்டம் அவரிடமே இருக்க, அதைக் கொண்டு மருந்துச்சீட்டு எழுதவும் ஊசி போடவும் சான்றிதழில் கையொப்பமிடவும் சட்டம் அளித்த உரிமை மட்டும் போய்விடுகிறது. தமிழ்நாட்டுக்குரிய பதிவேட்டைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பராமரிக்கிறது. அதன் அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருப்பதால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார மக்களுக்கு அது எட்டாத இடமன்று. ஆயினும் மருத்துவர்மீது புகார் கொடுக்க அங்கே செல்லலாம் என்பதை அறிந்தவர்கள் குறைவே.

சென்னை மாகாணத்தில் இந்த முறைக்கு அடித்தளமிட்டது 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம். பின்னர் 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் நாடு முழுவதற்குமான பதிவேட்டுக்கு வழிசெய்தது. அக்கவுன்சில் கலைக்கப்பட்டபின், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பர் 25 முதல் பொறுப்பேற்றது. மருத்துவர் நடத்தையை அளக்கும் கோலாக இன்றும் இருப்பவை, பழைய கவுன்சில் 2002இல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிமுறைகளே.

பெயர் நீக்கத்துக்குரிய தவறுகளை அவ்விதிமுறைகளின் ஏழாம் அத்தியாயம் வகைப்படுத்துகிறது: நோயாளியிடம் முறைகேடாக நடத்தல், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெறல், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்லல், பொய்ச் சான்றிதழ் தரல் முதலியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னது தொழிற்பேட்டைகள் நிறைந்த சென்னையின் மேற்குப் புறநகரில் தனிக் கவனத்துக்குரியது. விடுப்புக்கும் வேலைக்குத் திரும்புவதற்கும் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கப்படும் ஊரில், அது சிறு கிளினிக்குகளின் அன்றாட அலுவலாகிவிடுகிறது. விதிமுறையோ, கொடுத்த ஒவ்வொரு சான்றிதழையும் தனிப் பதிவேட்டில் எழுதி, நோயாளியின் கையொப்பம் அல்லது கைரேகை, முகவரி, குறைந்தது ஓர் அங்க அடையாளம் ஆகியவற்றைக் குறித்து, நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நோயாளியைப் பாராமலே தேதியைப் பின்தள்ளிச் சான்றிதழ் தருபவர் இப்படியொரு பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க முடியாது. விதியின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

வேறு சட்டங்களும் பதிவு நீக்கத்துக்கு வழிவிடுகின்றன. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தவுடனேயே பதிவை இடைநிறுத்தலாம்; தண்டனை உறுதியானால் முதல் குற்றத்துக்கு ஐந்து ஆண்டுகளும், மறுமுறை நிரந்தரமாகவும் பெயர் நீக்கப்படும். அதே ஆண்டில் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகளாக இருந்த நீக்கக் காலம், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்று ஆண்டுகளாக உயர்ந்தது. அச்சட்டம் வருவதற்குமுன் சிறுநீரக விற்பனைக்குப் பெயர்போன இடங்களுள் ஒன்று அம்பத்தூருக்கு அருகிலுள்ள வில்லிவாக்கம். கடனிலிருந்த எளிய குடும்பத்தினர் பலர் அங்கே சிறுநீரகத்தை விற்றதால், 'கிட்னிவாக்கம்' என்ற கசப்பான பட்டப்பெயர் அவ்வூரின்மேல் ஏறியது.

புகார் வந்ததும் கவுன்சில் மருத்துவரிடம் விளக்கம் கேட்டு, நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ பதில் சொல்ல வாய்ப்பளித்து விசாரிக்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதும், விசாரணை நடக்கும்போதே சர்ச்சைக்குரிய சிகிச்சையை அவர் செய்யாதபடி தடுத்து வைக்கலாம் என்பதும், பெயரை நீக்கினால் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் பரவலாக அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. மேல்முறையீட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கதவை அடைத்துவிட்டது. மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்த பழைய விதிக்கு மாறாக, புதிய சட்டம் அவ்வுரிமையை மருத்துவருக்கு மட்டுமே வெளிப்படையாக வழங்குகிறது. புகார் தள்ளுபடியான நோயாளி அதில் இடம்பெறவில்லை. இது சிறு விடுபாடாகக் கொள்ளத்தக்கதன்று.

பதிவு நீக்கத்தை இழப்பீட்டு வழக்கோடும் குற்ற வழக்கோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்ததால், ஆவடியில் சிகிச்சை பெற்ற ஒருவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். உயிரிழப்பு நேர்ந்தால் காவல்துறை வழக்கும் எழலாம், ஆனால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால்தான் மருத்துவரைக் குற்றவாளியாக்க முடியும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் தீர்ப்பானது. இழப்பீட்டைக் கட்டிவிட்ட மருத்துவர் மறுநாளும் கிளினிக்கைத் திறக்கலாம். அவர் பெயரை எடுக்கும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கும் இல்லை, குற்றவியல் நீதிமன்றத்துக்கும் இல்லை.

மேற்கண்டவை பெரும்பாலும் மருத்துவர் செய்த தவறு பற்றியவை. அவர் தம் தகுதியைக் காத்துக்கொள்ளத் தவறுவதை இந்த ஏற்பாடு எவ்வளவு கண்டுகொள்கிறது என்பது வேறு கேள்வி. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் பங்கேற்றுக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என 2002ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. தொடர் மருத்துவக் கல்வி என்பது, பட்டம் பெற்றபின் வந்த புதிய மருந்துகளையும் சிகிச்சை முறைகளையும் கற்பிக்கும் வகுப்புகளும் கருத்தரங்குகளும் ஆகும். கணக்கிட்டால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம்; ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்தால் முடிந்துவிடும். தொழில் திறமைக் குறைவைச் சக மருத்துவர் குழு மதிப்பிட வேண்டும் என்று எட்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி உண்டெனினும், அதுவும் புகார் வந்தபின் நடப்பதற்கே பொருந்துகிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய நடத்தை விதிமுறைகள் தொடர்கல்வியையும் பேசின. ஆனால் மருந்தின் வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரையே எழுத வேண்டும் என்ற விதிக்கு மருத்துவர் சங்கங்கள் காட்டிய எதிர்ப்பால் அவை முழுவதும் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன. பிரிட்டனில் 2012 இறுதி முதல் ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுக்கொருமுறை, ஆண்டு மதிப்பீடுகள், சக ஊழியர் கருத்து, நோயாளி கருத்து ஆகியவற்றின் அடிப்படையில் உரிமத்தை மறு உறுதி செய்துகொள்கிறார். இருக்கையில் கழித்த நேரத்தை மட்டும் எண்ணாமல், செய்த வேலையையும் பார்ப்பது அம்முறையின் சிறப்பு.

பதிவில் பெயரில்லாமல் மருத்துவம் பார்ப்போருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுவரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பெயர் நீக்கப்பட்ட பட்டதாரியும் படிப்பே இல்லாத போலி மருத்துவரும் இதன்முன் ஒன்றே. ஒரு முறையில் பதிவு பெற்றவர் பயிலாத வேறொரு முறையில் மருந்து கொடுப்பதே கவனக்குறைவு என்று, ஓமியோபதியர் ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்த பூனம் வர்மா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. களத்தில் கிளினிக்குகளைச் சோதிக்கும் பொறுப்பு, தமிழ்நாட்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருடையது. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டியிருப்பதால், நோயாளியே அதைக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்க இயலும்.

ஓரிடத்தில் நீக்கிய பெயர் வேறிடத்தில் தொடர்வதே இம்முறையின் பழைய ஓட்டை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் கட்டுப்பாடு விதித்து, நியூயார்க் உரிமத்தையும் ஒப்படைத்த ஜயந்த் படேல் என்ற அறுவை மருத்துவர், 2003இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனையில் அறுவைப் பிரிவின் தலைவரானார்; 2005இல் அங்குள்ள செவிலியர் டோனி ஹாஃப்மன் எழுப்பிய குரலால்தான் விவகாரம் வெளிவந்தது. இந்தியாவில் மாநிலப் பதிவேடுகளை இணைக்கும் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையவாசல் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கப்பட்ட பெயரை, அக்காலம் முடிந்ததும் மீண்டும் சேர்க்கக் கவுன்சில் உத்தரவிடலாம் என்பது 2002ஆம் ஆண்டு விதி; அவ்வாறு திரும்புவோர் தேர்வெழுதவோ மறுபயிற்சி பெறவோ வேண்டும் என்று அவ்விதியில் இல்லை.